சூரிய சக்திப் பம்பு செட்டு: நன்மைகளும் குறைகளும்

ஞாயிற்றின் ஒளியால் உலகம் வாழ்கிறது என்பதை உழவர் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தைத் திங்கள் முதல் நாளில் புதுப்பானையில் பொங்கலிட்டுப் பகலவனுக்குப் படைக்கும் வழக்கம் நம்முடையது. பயிர் விளைவதும், களத்தில் நெல் காய்வதும் அவன் கொடையே. அதே வெயில் இன்று கிணற்று நீரை மேலேற்றவும், தெரு விளக்கை எரிக்கவும் பயன்பட்டு வருகிறது. நமது மாநிலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 நாட்கள் நல்ல வெயில் கிடைக்கின்றது. ஆதலின், சூரிய சக்தியைப் பற்றிய பேச்சு பஞ்சாயத்துக் கூட்டங்களிலும் களத்து மேடுகளிலும் எழுவது இயல்பே.

இப்பேச்சில் இருவகைக் கருத்துக்களை நாம் கேட்கிறோம். “ஒரு முறை பணம் போட்டால் போதும், பிறகு காலமெல்லாம் செலவே இல்லை” என்பார் ஒரு சாரார். “மேகம் வந்தால் நின்றுவிடும், அதை நம்பிப் பயிர் வைக்க முடியுமா?” என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. சூரிய சக்தியின் இயல்பு யாது, அது எவ்வளவு நீர் இறைக்கும், எவர்க்கு ஏற்றது, எவர்க்கு ஏற்றதன்று, பஞ்சாயத்து கவனிக்க வேண்டியவை யாவை என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

வெயில் மின்சாரமாவது எவ்வாறு?

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் தோன்றும் என்பதை 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கன் என்னும் பொருளைக் கொண்டு பயன்படத்தக்க முதல் சூரிய மின்கலம் செய்யப்பட்டது. அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடுகள் நூற்றுக்கு 20 பங்கு அளவுக்கு மாற்றுகின்றன.

தகடு வேலை செய்வது ஒளியினாலேயன்றி வெப்பத்தினால் அன்று. இதனை நம்மில் பலர் அறியார். சித்திரை வெயில் கடுமையாக எரிப்பதால் மின்சாரமும் மிகுதியாகக் கிடைக்கும் என்று எண்ணுவது முழுதும் சரியன்று. தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 பங்கு அளவில் அதன் திறன் குறைகின்றது. உச்சி வெயிலில் தகடு 60 டிகிரி வரை காய்ந்துவிடும். அப்போது திறனில் ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஆகவே தகட்டின் அடியில் காற்று தாராளமாக ஓடும்படி உயர்த்தி அமைத்தல் வேண்டும்.

தகடு தென்திசை நோக்கி, சற்றே சாய்ந்து இருத்தல் வேண்டும். நமது மாநிலம் 8 முதல் 13 பாகை வடக்கே அமைந்திருப்பதால், ஏறத்தாழ 10 பாகைச் சாய்வு பொருத்தமாகும். மழை நீர் வழிந்து தூசியைக் கழுவிச் செல்லவும் இச்சாய்வு உதவும்.

எவ்வளவு நீர் கிடைக்கும்? ஒரு கணக்கு

கருவி வாங்குமுன் ஒவ்வொரு விவசாயியும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 5 குதிரைத் திறன் கொண்ட பம்புக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் தகடுகள் பொருத்தப்படுகின்றன. இவற்றிற்கு ஒரு சென்ட் முதல் ஒன்றரை சென்ட் வரை நிழலற்ற இடம் தேவை. ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் என்று கொண்டால், மொத்தம் 20 யூனிட் கிடைக்கும்.

ஒரு யூனிட் மின்சாரம் முழுமையாகப் பயன்பட்டால் 3,67,000 லிட்டர் நீரை ஒரு மீட்டர் உயரம் தூக்கும். ஆனால் மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் பாதிக்கு மேல் வீணாகின்றது. நூற்றுக்கு 45 பங்கு பயன்படுவதாகக் கொள்வோம். அப்படியாயின் 20 யூனிட்டில் கிடைக்கும் நீரின் அளவு வருமாறு:

25 மீட்டர் ஆழத்திலிருந்து: ஏறத்தாழ 1,32,000 லிட்டர்.
50 மீட்டர் ஆழத்திலிருந்து: ஏறத்தாழ 66,000 லிட்டர்.
100 மீட்டர் ஆழத்திலிருந்து: ஏறத்தாழ 33,000 லிட்டர்.
300 மீட்டர் ஆழத்திலிருந்து: ஏறத்தாழ 11,000 லிட்டர்.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் நிற்க வேண்டுமாயின் 1,03,000 லிட்டர் தேவை. 50 மீட்டர் கிணற்றுக்காரர் வாய்க்கால் வழியே நீர் பாய்ச்சினால், ஒரு நாள் முழுதும் இறைத்தும் ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் நிரம்பாது. அவரே சொட்டு நீர்க் குழாய் அமைத்துக் காய்கறி பயிரிட்டால், ஏக்கருக்கு நாளொன்றுக்கு 20,000 லிட்டர் போதுமாதலின், மூன்று ஏக்கரைப் பசுமையாக வைத்துக்கொள்ளலாம். நீர் பாய்ச்சும் முறையைத் திருத்தாமல் தகடு மட்டும் வாங்குவோர் ஏமாற்றம் அடைவது இதனாலேயே.

மேலும், கொங்கு நாட்டுப் பகுதிகளில் உள்ளவை போன்ற 1,000 அடி ஆழ்துளைக் கிணறுகளுக்கு இச்சிறு கருவி போதாது என்பதும் இக்கணக்கால் விளங்கும். திறந்த கிணறும், ஆழம் குறைந்த குழாய்க் கிணறும் உடையவர்க்கே இது நன்கு உதவும்.

நன்மைகள்

முதலாவது நன்மை, பயிருக்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவைப்படும் காலமும் வெயில் மிகுதியாக உள்ள காலமும் ஒன்றாயிருத்தல். கோடையில் தகடு நன்கு உழைக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடியிருக்கும் நாட்களில் இறைப்பு குறைந்தாலும், அப்போது பாய்ச்ச வேண்டிய தேவையும் குறைவே.

இரண்டாவது, டீசல் செலவு ஒழிகின்றது. 5 குதிரைத் திறன் கொண்ட டீசல் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் எண்ணெய் குடிக்கும். நாள்தோறும் ஐந்து மணி நேரம் இறைப்பவர் மாதத்தில் 150 லிட்டருக்கு மேல் வாங்க வேண்டியவராவார். மின் இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து, இடையில் டீசல் எஞ்சினால் காலம் தள்ளும் குடும்பங்களுக்குச் சூரிய பம்பு பெரும் ஆறுதல்.

மூன்றாவது, பகலிலேயே வேலை முடிகின்றது. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் கைவிளக்குடன் வரப்பில் நடந்து மோட்டார் போடச் செல்லும் விவசாயி பாம்புக்கும் மின் கசிவுக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. இத்தொல்லை நீங்குகிறது.

நான்காவது, அரசின் உதவி. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ‘பி.எம். குசும்’ திட்டத்தில், தனித்து இயங்கும் சூரிய பம்பின் விலையில் நூற்றுக்கு 30 பங்கை மத்திய அரசும், குறைந்தது 30 பங்கை மாநில அரசும் ஏற்பது எனவும், எஞ்சியதை விவசாயி செலுத்துவது எனவும் வகுக்கப்பட்டது. நமது மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை இதனை நடத்தி வந்துள்ளது. மானிய அளவும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆதலின் இடைத்தரகர் சொல்லை நம்பி முன்பணம் கொடாமல், அத்துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டறிவதே முறை.

குறைகள்

முதற் குறை முதலீடு. டீசல் எஞ்சினுக்குச் சிறுகச் சிறுகச் செலவாகும். சூரிய பம்புக்கு முழுத் தொகையும் முதலிலேயே வேண்டும். மானியம் போக எஞ்சிய பங்கும் சிறு விவசாயிக்குப் பெருஞ்சுமையே. இலவச மின் இணைப்பு ஏற்கெனவே உள்ளவர், பணச் சேமிப்பை மட்டும் எண்ணி இதற்கு மாறுவதால் அடையும் பயன் சிறிதே. நமது மாநிலத்தில் 1990ஆம் ஆண்டில் விவசாயப் பம்பு செட்டுகள் அனைத்திற்கும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டதை யாவரும் அறிவர்.

இரண்டாவது, காலை மாலை வேளைகளில் நீர்ப் பாய்ச்சல் மெலிந்திருக்கும். மேகம் கடக்கும்போது குறைந்து, மீண்டும் பெருகும். நீண்ட வாய்க்காலில் இந்த மெல்லிய நீர் கடைமடை சேராமல் மண்ணில் ஊறிவிடும். இதற்கு மாற்று, மேட்டில் ஒரு தொட்டி கட்டி நீரைத் தேக்கிப் பின் பாய்ச்சுதல். மின்சாரத்தை மின்கலத்தில் சேமிப்பதைவிட நீரைத் தொட்டியில் சேமிப்பது மலிவு, நீடித்தும் உழைக்கும்.

மூன்றாவது, நிழல். தகடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும் அந்தத் தொடர் முழுதும் மெலியக்கூடும். தென்னந்தோப்பின் நடுவே தகடு வைப்போர் இதனை மறத்தலாகாது.

நான்காவது, பராமரிப்பு. தூசியும் பறவை எச்சமும் படிந்த தகடு தன் திறனில் ஒரு பகுதியை இழக்கும். விடியற்காலையில் அல்லது மாலையில் மென்மையான துணியும் நல்ல நீரும் கொண்டு துடைத்தல் வேண்டும். நண்பகலில் காய்ந்த கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது விரிசல் காணலாம். உப்பு மிகுந்த கிணற்று நீரால் கழுவினால் வெண்மையான கறை படியும். தகடு 25 ஆண்டுகள் வரை உழைக்கத்தக்கது. ஆனால் அதனுடன் வரும் கட்டுப்பாட்டுப் பெட்டி அத்தனை காலம் உழைக்காது. அது பழுதானால் யார் வந்து பார்ப்பர், எத்தனை நாளில் வருவர் என்பதை வாங்கும்போதே எழுத்து மூலம் பெற வேண்டும். இடிதாங்கியும் நில இணைப்பும் சரியாக அமைந்துள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய குறை

மேற்கூறிய குறைகள் யாவும் முயற்சியால் தீர்க்கத்தக்கவை. ஆனால் நிலத்தடி நீரைப் பற்றிய குறை அவ்வாறு எளிதில் தீர்வதன்று. டீசல் எஞ்சின் வைத்திருப்பவர் எண்ணெய் விலையை நினைத்து இறைப்பை நிறுத்துவார். மின்சாரம் முறை வைத்து வருமிடத்தில் மின்வெட்டே நிறுத்திவிடும். சூரிய பம்புக்கோ இவ்விரு தடைகளும் இல்லை. ஆண்டில் 300 நாட்கள், நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம், அது யாரும் கேட்காமலே இறைத்துக்கொண்டிருக்கும்.

நமது மாநிலத்தின் நிலையைப் பாருங்கள். 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஆராயப்பட்ட 1,166 பிர்க்காக்களுள் 462 பிர்க்காக்களில் மழையால் ஊறும் நீரைவிட இறைக்கும் நீரே மிகுதி எனக் கண்டறியப்பட்டது. அதாவது, ஐந்தில் இரண்டு பிர்க்காக்களில் வரவைக் கடந்து செலவு செய்துகொண்டிருந்தோம். குசும் திட்டத்தின் விதிமுறைகளிலும், இத்தகைய பகுதிகளில் புதிய பாசனத்துக்குப் பம்பு வழங்கலாகாது என்றும், இருக்கும் டீசல் பம்பை மாற்றுவோரும் சொட்டு நீர் போன்ற சிக்கன முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்றும் வகுக்கப்பட்டிருப்பது இதுபற்றியே.

சிற்றூர் ஒன்றில் நாம் கண்டதை இங்குக் கூறுவது பொருந்தும். அடுத்தடுத்த இரு தோட்டங்கள். இரண்டிலும் திறந்த கிணறு. மேல்தோட்டத்துப் பெரியவர் சூரிய பம்பு அமைத்தார். காலையில் தானே ஓடத் தொடங்கி மாலையில் தானே நிற்கும் கருவியாதலின், அவர் அதனை அணைப்பதே இல்லை. தென்னம்பாத்திகள் நிரம்பி வழிந்து தண்ணீர் வண்டிப்பாதையில் ஓடியது. பங்குனி பிறக்குமுன் கீழ்த்தோட்டத்துக் கிணறு வற்றியது. கீழ்த்தோட்டத்தார் இருபது சென்ட் கத்தரியைக் காயவிட்டு, மாட்டுக்கும் தண்ணீர் சுமக்க நேர்ந்தது. இரு குடும்பத்தாரும் பேச்சை நிறுத்திக்கொண்டனர்.

செய்தி பஞ்சாயத்துக்கு வந்தது. “அண்ணே, உங்கள் தகட்டைக் குறை சொல்லவில்லை, எங்கள் ஊற்றுக்கண்ணும் உங்கள் கிணற்றுக்குத்தானே வருகிறது” என்றார் கீழ்த்தோட்டத்தார். பெரியவர் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர், “என் நிலத்தில் என் கிணறு என்றுதான் இருந்தேன்” என்றார். வார்டு உறுப்பினர் முன்னின்று ஓர் உடன்பாடு செய்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறைப்பது, தென்னைக்குச் சொட்டுக் குழாய் போடுவது, இரு தோட்டத்துக்கும் மேலுள்ள ஓடையின் தடுப்பணையைத் தூர் வாருவது என்பன அதன் விவரங்கள். அடுத்த மழையில் தடுப்பணை நிரம்பியது. அதற்கடுத்த கோடையில் கீழ்த்தோட்டத்துக் கிணற்றில் வைகாசி வரை நீர் நின்றது. ஒருவர் கிணற்றிலிருந்து எடுப்பது பலர் கிணற்றிலிருந்தும் எடுப்பதே என்பதை அவ்வூரார் அன்று உணர்ந்தனர்.

குஜராத்தில் ஒரு முயற்சி

இக்குறையைத் தீர்க்க வேறு ஒரு வழியும் சோதிக்கப்பட்டுள்ளது. குஜராத் மாநிலத்துக் கேடா மாவட்டத்தில் துண்டி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு அனைத்துலக நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையுடன் 6 விவசாயிகள் சேர்ந்து, சூரிய பம்பு வைத்திருப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். தத்தம் பாசனம் போக எஞ்சிய மின்சாரத்தைச் சங்கத்தின் வாயிலாக மின்வாரியக் கம்பியில் செலுத்தி விற்றனர். 2016ஆம் ஆண்டில், ஒரு யூனிட்டுக்கு ரூ. 4.63 விலையில் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள அப்பகுதி மின் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். தேவையின்றி ஒரு மணி நேரம் இறைப்பவர், அந்நேரத்து மின்சாரத்தை விற்றிருந்தால் கிடைக்கக்கூடிய பணத்தை இழக்கிறார். நாம் முன்பு கணக்கிட்ட 20 யூனிட்டில் பாதியை மட்டும் விற்றாலும், அவ்விலையில் நாளொன்றுக்கு ரூ. 46 கிடைக்கும். ஆகவே நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது அவருக்கே இலாபமாகின்றது. குசும் திட்டத்திலும் பம்பு செட்டை மின் கம்பியுடன் இணைக்கும் பிரிவு ஒன்று வைக்கப்பட்டது. மின் கம்பி அருகில் இல்லாத தோட்டங்களுக்கு இது பொருந்தாது. நியாயமான விலை கிடைத்தாலன்றி விவசாயிக்கு ஊக்கமும் பிறக்காது. எனினும், சிந்திக்கத்தக்க வழி இது.

பஞ்சாயத்து கவனிக்க வேண்டியவை

தெரு விளக்கு: நமது மாநிலத்தில் 2011-12ஆம் ஆண்டில் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் 5 சூரிய விளக்குகள் அளிக்கப்பட்டன. இத்தகைய விளக்குகளில் முதலில் தேய்வது மின்கலமே. சாதாரண ஈய மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உழைக்கும். அதனை மாற்ற வழி செய்யாவிடின், தகடு நல்ல நிலையிலிருந்தும் விளக்கு எரியாது. மின்கலத்தின் விலையை 48 ஆல் வகுத்து, அத்தொகையை மாதந்தோறும் தனியே எடுத்து வைக்கும் பஞ்சாயத்தில் இருள் சூழாது.

கட்டடக் கூரை: 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட வீட்டுக் கூரைத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ. 78,000 வரை மத்திய மானியம் வகுக்கப்பட்டது. மின்வாரியக் கம்பியுடன் மட்டும் இணைந்த கூரைத் தகடு, மின்வெட்டு ஏற்பட்டதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. இதை அறியாமல் வாங்கிப் பின் வருந்துவோர் பலர்.

நிலக் குத்தகை: ஒரு மெகாவாட் சூரிய நிலையத்துக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. விளையாத தரிசுக்குக் குத்தகை கிடைப்பது நன்மையே. ஆயினும் ஓடைப் புறம்போக்கும், வண்டிப்பாதையும், ஆடுமாடு மேயும் இடமும் வேலிக்குள் அகப்பட்டுவிடாமல் காக்க வேண்டியது பஞ்சாயத்தின் கடமை. தகடு கழுவ நீர் எங்கிருந்து எடுக்கப்படும், குத்தகை முடிந்தபின் தகடுகளை அகற்றி நிலத்தைச் சீர் செய்பவர் யார் என்னும் இரு வினாக்களுக்கும் பத்திரத்திலேயே விடை இருத்தல் வேண்டும்.

பழைய தகடு: 2023ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சூரிய தகடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. உடைந்த தகட்டைக் குப்பை மேட்டில் எறிவதும், காயலான் கடைக்கு உடைத்துக் கொடுப்பதும் தவிர்க்கத்தக்கவை. அதில் சிறிதளவேனும் ஈயம் கலந்திருக்கும்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

நமது மாநிலத்தில் உலக நீர் நாளாகிய மார்ச் 22 அன்றும் கிராம சபை கூட்டுவது 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அன்று கீழ்க்கண்ட வினாக்களை எடுத்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

1. நம் ஊர் அடங்கிய பிர்க்கா எந்த வகையில் சேர்க்கப்பட்டுள்ளது? 
2. ஊரில் உள்ள திறந்த கிணறுகளில் தை மாதத்திலும் சித்திரையிலும் நீர்மட்டம் எத்தனை அடி? சுண்ணாம்புக் கோடிட்டுக் குறித்து வைக்கப்பட்டுள்ளதா?
3. சூரிய பம்பு வேண்டுவோருள் சொட்டு நீர் அமைக்க இசைபவர் எத்தனை பேர்? 
4. ஒவ்வொரு புதிய பம்புக்கும் ஈடாக எந்த ஏரியை, எந்தத் தடுப்பணையைச் சீர் செய்யப் போகிறோம்?

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. வெயிலுக்கு விலையில்லை, அதனை எவ்வளவு எடுத்தாலும் குறையாது. அவ்வெயில் தூக்கித் தரும் தண்ணீரோ அளவுடையது. அண்டை வயலாருக்கும் உரியது. கிணற்றின் ஆழத்தையும் நீரின் வரவையும் அளந்தறிந்த பின்னரே தகட்டின் அளவை முடிவு செய்யும் ஊரில், சூரிய சக்தி நல்ல துணையாக விளங்கும். அந்த அளவுகோலை வரும் கோடைக்கு முன் கையிலெடுக்க நம் பஞ்சாயத்துக்கள் முன்வருக.